மூலப்பத்திரத்தின் நான்கெல்லையைப் படியுங்கள்

வாசகியின் கடிதம்: வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் சுமார் 1,500 பேர் வாழும் சிற்றூர் எங்களுடையது. நெல், நிலக்கடலை, கொஞ்சம் தென்னை. ஊரின் மேற்கே 62 ஏக்கரை வெளியூர் நிறுவனம் ஒன்று துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்திருக்கிறது. 640 வில்லாக்கள் வரப்போவதாக இரண்டு மாதங்களுக்கு முன் பலகை வைத்தார்கள். மூன்று வாரங்களுக்கு முன் லாரிகளில் கிராவல் மண் கொண்டுவந்து கொட்டி, எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் ஒரு பகுதியை மூடிவிட்டார்கள். கேட்டால், "எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று" என்கிறார்கள். என் தம்பியே இரண்டு ஏக்கரை அவர்களுக்கு விற்றிருக்கிறான். அவனோடு பேசி மூன்று மாதம் ஆகிறது. இதைத் தடுக்க முடியுமா? நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? மற்றவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்வது தவறா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வழக்கறிஞராக, பரப்பு, தேதி, வாய்க்கால் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை, தம்பியோடு பேசாமல் மூன்று மாதம் ஆகிறது என்ற வரியைத் தாண்டி மேலே போக முடியவில்லை. அதைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் வழக்குக்கே அது தேவைப்படும்.

முதலில் நேரான பதில். 62 ஏக்கரில் ஒரு வீடுகூட வரக்கூடாது என்று நீங்கள் போராடினால் பெரும்பாலும் தோற்பீர்கள். பட்டா நிலத்தை விற்கவும் வாங்கவும் உரிமை உண்டு. விதிகளுக்கு உட்பட்டு மனை பிரிக்கவும் வழி உண்டு. "எங்கள் ஊரின் அழகு கெட்டுவிடும்" என்ற வாதத்தைக் கேட்டு எந்த நீதிமன்றமும் தடை விதித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாய்க்கால் வேறு விஷயம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மூட எவருக்கும் உரிமை இல்லை. எத்தனை அனுமதி வாங்கியிருந்தாலும் இல்லை. உங்கள் முழு பலமும் அந்த மண் கொட்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்ற பத்துக் குறைகளையும் ஒரே மனுவில் அடுக்கினால், படிக்கிற அதிகாரிக்கு எது முக்கியம் என்று தெரியாமல் போய்விடும்.

வாய்க்கால் இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பீர்கள். தெரியும்தான். ஆனால் எதிர்த்தரப்பு ஒரு வரைபடத்தை நீட்டி, "இதில் வாய்க்காலே இல்லையே" என்று சொல்லும் நாள் வரும். அதற்கு முன் நீங்கள் காகிதங்களைச் சேர்த்துவிட வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே அது என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும்: நன்செய், புன்செய், நத்தம், ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு. அந்த 62 ஏக்கருக்குள்ளும் அதைச் சுற்றியும் உள்ள எல்லா எண்களுக்கும் அந்தப் பக்கங்களின் நகலை வாங்குங்கள். கூடவே கிராம வரைபடமும், ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய புலப்படமும் (அந்த நிலத்தை அளவுகளோடு வரைந்த படம்) வேண்டும். புலப்படத்தில் வாய்க்கால் தனி உட்பிரிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது அரசு புறம்போக்கு. அதன்மேல் சாலை போட்டு மனையோடு சேர்த்துக்கொள்ள முடியாது.

ஆனால் நம் பகுதியில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கு வரும் சிறு கால்கள் பலவும் பட்டா நிலங்களின் ஊடாகவே ஓடும், பதிவேட்டில் தனியாக இருக்காது. யு.டி.ஆர். என்று வருவாய்த் துறையில் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டாவோடு கலந்துபோன வாய்க்கால்களும் உண்டு. அப்படி இருந்தால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலும், அங்கே இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது உங்கள் ஊர்க்காரர்களின் பழைய கிரயப் பத்திரங்களைத்தான். நம் ஊர்ப் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கீழே செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதுவார்கள் அல்லவா? "ஏரி வரத்துக்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு" என்று. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன், யாரும் வில்லாவைக் கனவிலும் நினைக்காத காலத்தில், ஒரு பத்திர எழுத்தர் எந்த உள்நோக்கமும் இல்லாமல் எழுதிய வரி அது. நீதிமன்றத்தில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் எடை, நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு இருப்பதில்லை. அந்த நிறுவனம் வாங்கிய நிலங்களின் மூலப்பத்திரங்களிலேயே அந்த வரி இருக்கக்கூடும். விற்றவர்கள் வீட்டில் பழைய நகல் கிடக்கும். உங்கள் தம்பி வீட்டிலும் கிடக்கும்.

இப்போது புரிந்திருக்கும், தம்பியோடு ஏன் பேச வேண்டும் என்கிறேன் என்று. நிலத்தை விற்றவர்களைத் துரோகிகள் என்று பேசும் ஊர் எந்த வழக்கிலும் வென்றதாக எனக்கு நினைவில்லை. கிணறு வற்றி, ஆழ்துளைக் குழாய் இறக்கி, அதுவும் புகையாக வந்து, கடலை பறிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்காமல், மகளின் கல்யாணக் கடனையும் வைத்துக்கொண்டு ஒருவர் விற்கிறார். காட்பாடியில் மனை விலை எப்படி ஏறியது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். விற்றதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் விற்றது நிலத்தை மட்டும்தான். வாய்க்காலை அவர் விற்கவில்லை, விற்கவும் முடியாது. இதை உங்கள் தம்பியிடம் இப்படியே சொல்லுங்கள். "நீ விற்றது தப்பில்லை, அந்த வாய்க்கால் உன் பத்திரத்தில் எல்லையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்" என்று கேட்டால் அவர் கதவைச் சாத்த மாட்டார்.

அடுத்து, "எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று" என்ற சொல். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே பல ஊர்கள் வீட்டுக்குப் போய்விடுகின்றன. அம்மா, அனுமதி என்று ஒற்றைக் காகிதம் எதுவும் கிடையாது. எந்த அனுமதி, எந்த அலுவலகம், என்ன எண், என்ன தேதி என்று கேளுங்கள்.

விளைநிலத்தை வீட்டுமனையாக்க நிலப்பயன் மாற்றம் வேண்டும். உங்கள் ஊர் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். வெளியே இருந்தால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-அ பிரிவும், அதன்கீழ் 2017-இல் வந்த விதிகளும் பொருந்தும். மனைப்பிரிவு வரைபடத்துக்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப ஒப்புதலும், உள்ளாட்சி அமைப்பின் இறுதி அனுமதியும் தேவை. ஏரியும் வாய்க்காலும் அருகில் இருப்பதால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். விற்பனைக்கு முன், ரெரா என்று எல்லாரும் சொல்லும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரையோ வீடுகள் எட்டையோ தாண்டினாலே இந்தப் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாமல் விளம்பரப் பலகை வைப்பதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பலகையை இன்றே படம் எடுத்துவையுங்கள். எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழுமத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, அவர்கள் தாக்கல் செய்த வரைபடத்தைப் பாருங்கள். அதில் உங்கள் வாய்க்கால் எங்கே என்று தேடுங்கள்.

இதில் வில்லா என்று எழுதியிருப்பது உங்களுக்குக் கிடைத்த முக்கியமான துப்பு. 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டப்படும் மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் முன் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. வில்லா ஒன்றுக்கு 1,400 சதுர அடி என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 640 வில்லாவுக்கு 8,96,000 சதுர அடி, அதாவது 83,000 சதுர மீட்டருக்கு மேல் ஆகிறது. வரம்பைப் போல நான்கு மடங்கு. ஆனால் நாளைக்கே அவர்கள், "நாங்கள் வெறும் மனைதான் விற்கிறோம், வீட்டை வாங்குபவர்களே கட்டிக்கொள்வார்கள்" என்று பேச்சை மாற்றலாம். வெறும் மனைப்பிரிவாக இருந்து, பரப்பு 50 ஹெக்டேருக்கும் குறைவாக இருந்தால் இந்த முன் அனுமதிக்குள் அது வராது. உங்கள் 62 ஏக்கர் சுமார் 25 ஹெக்டேர்தான். ஆகவே வில்லா என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம், செய்தித்தாள் விளம்பரம், கைபேசிக்கு வந்த செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நாளை அவர்கள் பேச்சு மாறினால் அவர்கள் அச்சடித்ததே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏமாற்றம் தரும். பெரிய ஆலைக்கோ சுரங்கத்துக்கோ நடப்பதுபோல், இதற்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று பல ஊர்கள் காத்திருக்கின்றன. நடக்காது. கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து அந்த அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. இந்த விலக்கு அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 1,500 பேர் வாழும் ஊரின் பக்கத்தில் அந்த ஊரைவிடப் பெரிய ஊரை உருவாக்கும்போது, அந்த 1,500 பேரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை என்பது எப்படிச் சரியாகும்? ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நீங்களாகவே எழுத்தில் அனுப்புங்கள், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே அனுப்புங்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்பதை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது ஊரில் இருந்தால் அரை மணி நேர வேலை.

அந்த விண்ணப்பத்தில் தண்ணீரை எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 640 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கழிவுநீர் இணைப்புள்ள நகரக் குடியிருப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. மொத்தம் நாளொன்றுக்கு 3,45,600 லிட்டர். உங்கள் ஊருக்கு, ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தால் 1,500 பேருக்கு 82,500 லிட்டர். ஊர் முழுதும் குடிப்பதைப்போல் நான்கு மடங்குக்கு மேல், ஊருக்கு மேற்கே, ஏரிக்கு மேலே, தினமும் எடுக்கப்போகிறார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். இரண்டே முக்கால் லட்சம் லிட்டர். அது எங்கே போகும்? மேடு மேற்கே, பள்ளம் ஏரிப் பக்கம். உங்கள் மனுவில் வாய்க்காலுக்கு அடுத்தபடியாக எழுத வேண்டியது இந்தக் கணக்குதான். பாலாற்றில் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மணல்தான் தெரியும். கிணற்றுத் தண்ணீரை நம்பியே நம் விவசாயம் நடக்கிறது. ஏரி நிறைந்தால்தான் அந்தக் கிணறு ஊறும்.

வேலூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒரு வழக்கை நினைக்காமல் இருக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் அதன் கரைக் கிணறுகளும் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. கேடு நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், முழு அறிவியல் உறுதி வரும்வரை காத்திருக்காமல் அரசு தடுக்க வேண்டும். கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருபவருடையது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் வாதம் தொடங்குவதில்லை. நம் ஊர்த் தண்ணீருக்காக நம் ஆட்கள் போட்ட வழக்கு அது. உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். தண்ணீர் போதும், கழிவு ஏரியில் கலக்காது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். போதாது என்று நீங்கள் ஆய்வு நடத்திக் காட்ட வேண்டியதில்லை.

உயர் நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாமா என்று கேட்டீர்கள். இன்றே வேண்டாம். நீதிபதி முதலில் கேட்பது, "சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா, அவர் என்ன சொன்னார்?" என்பதுதான். கையில் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் போனால், அதிகாரியிடம் போய்வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்குங்கள். அதே மனுவை வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், நீர்வளத் துறை, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் நான்குக்கும் ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது நீர்வளத் துறையிடமும், குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாரிடம் கேட்டாலும் "அது எங்களுடையது இல்லை" என்று சொல்லி அலைக்கழிப்பதைத் தவிர்க்கவே இதைச் சொல்கிறேன். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்தத் திட்டத்தின் விண்ணப்பம், வரைபடம், தடையின்மைச் சான்றுகள் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டை மறக்காமல் போடுங்கள்.

தேதிகள்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. பல ஆண்டுகளுக்கு முன், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்காக ஒரு வழக்கை நான் எடுத்தேன். உங்களுடையதைவிடச் சிறிய திட்டம், உங்களுடையதைவிடத் தெளிவான வாய்க்கால். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆக 90 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. ஊர்க்காரர்கள் சமாதானப் பேச்சில் நம்பிக்கை வைத்துக் காத்திருந்தார்கள். என்னிடம் காகிதங்கள் வந்து, நான் அவற்றைத் தாக்கல் செய்தது 97-ஆம் நாள். எங்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்ற கேள்விக்குள் யாரும் நுழையவே இல்லை. முதலில் வந்தபோது நான் தேதியைக் கேட்டு எச்சரித்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. இப்போது அந்த ஏரியில் ஆகாயத்தாமரை மட்டும் இருக்கிறது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் நிறுவனம் இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், அறிவிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புக்கும் நகல் கொடுக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அந்த நகல் வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை போய்க் கேளுங்கள். இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. வாய்க்காலை மூடிய செயலை எதிர்த்து அதே தீர்ப்பாயத்தில் தனி மனுவே போடலாம், அதற்கு ஆறு மாதம். மண் கொட்டி மூன்று வாரம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம், ஆனால் வேண்டாம் என்பேன். பெண் என்ற முறையில் உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். மனு போடுபவராக நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் இருப்பது நல்லது.

கிராம சபை பற்றியும் ஒரு வார்த்தை. கிராம சபை கூடும் அக்டோபர் 2 நெருங்கிக்கொண்டிருக்கிறது. கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் திட்டம் நின்றுவிடாது, அந்த அதிகாரத்தைச் சட்டம் அதற்குத் தரவில்லை. ஆனாலும் அதை நான் முக்கியம் என்பேன். "எங்களுக்கு எதிர்ப்பு" என்று மொட்டையாகத் தீர்மானம் போடாதீர்கள். இன்ன சர்வே எண்ணில் உள்ள வரத்துக்கால் இன்ன தேதியில் மண் கொட்டி மூடப்பட்டது, அதை அளந்து எல்லைக்கல் நட்டு மீட்க வேண்டும், அதுவரை ஊராட்சி எந்த இறுதி அனுமதியும் தரக்கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை வராவிட்டால் எல்லாம் வீண். உங்கள் அளவு ஊருக்கு 100 பேர் இருக்க வேண்டும்.

அந்த 100 பேரில் காலனி மக்கள் எத்தனை பேர்? உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கேட்கிறேன். இத்தகைய திட்டங்களில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் அவர்களுடைய சுடுகாட்டுப் பாதையும் மேய்க்கால் நிலமும்தான். அந்த 62 ஏக்கருக்குள் பஞ்சமி நிலம், அதாவது ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம், ஏதும் கலந்திருந்தால், பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அது கைமாறியதே செல்லாது. பழைய பதிவேட்டில் டி.சி. என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வழக்குக்குப் பயன்படும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர்களை முதல் கூட்டத்துக்கே அழைத்து, அவர்களுடைய பாதையையும் உங்களுடைய வாய்க்காலையும் ஒரே மனுவில் சமமாக எழுதுங்கள். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் போய் நிற்பது நியாயமில்லை, அவர்களும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இளைஞர்கள் யாரும் ஜேசிபியை மறிக்கவோ, நட்ட கல்லைப் பிடுங்கவோ வேண்டாம். ஒரு வழக்குப் பதிவானால் அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட், காவலர் தேர்வு எல்லாம் சிக்கலாகலாம், ஊர் முழுவதும் வாய்க்காலை விட்டுவிட்டு ஜாமீனுக்கு ஓடும். அவர்கள் கையில் கைபேசி இருக்கிறது, அது போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. முதல் பெருமழையில் தண்ணீர் மேற்கிலிருந்து வந்து அந்த மண்மேட்டில் முட்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தேதியும் இடமும் பதியும்படி படம் பிடிக்கச் சொல்லுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட நாட்களில் உங்கள் ஏரியும் நிரம்பிக் கலங்கல் போயிருக்கும். அப்போது எடுத்த படங்கள் எவர் கைபேசியிலாவது இருக்கும். அவை தங்கம்.

வீடு வேண்டாம் என்று சொல்வது தவறா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. வீடு எல்லாருக்கும் வேண்டும். வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் வந்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் யாராவது கடன் வாங்கி அந்த வில்லாவை வாங்கி, மூடிய வாய்க்காலின்மேல் குடியேறி, அடுத்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால், அந்தத் துயரமும் உங்கள் மனுவில் அடங்கும். நீங்கள் தண்ணீரின் வழியைக் கேட்கிறீர்கள். அது உங்கள் வயலுக்கும் வேண்டும், அந்த வீட்டுக்காரருக்கும் வேண்டும்.

ஆகவே நிறுவனம் பேச வந்தால் பேசுங்கள், மறுக்காதீர்கள். வாய்க்காலை முழு அகலத்துக்குத் திறந்து இரு பக்கமும் இடம் விடுவது, கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்து அங்கேயே பயன்படுத்துவது, ஊர்க் கிணறுகளைப் பாதிக்காத தண்ணீர் ஏற்பாடு, வீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தருவது எப்படியும் அவர்கள் கடமை. அதைச் சலுகைபோலக் காட்டினால் ஏமாறாதீர்கள். எதற்கும் உதவாத பள்ளத்தை அந்தக் கணக்கில் தள்ளிவிடுகிறார்களா என்றும் பாருங்கள். ஒப்புக்கொண்டது எதுவாக இருந்தாலும் வரைபடத்தில் ஏற வேண்டும். கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறோம், திருவிழாவுக்குப் பணம் தருகிறோம் என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக மனுக்களையும் தேதிகளையும் நிறுத்திவைக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் முன், ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வீட்டுக்குப் போய் வாருங்கள். அவருடைய பழைய பத்திரத்தை வாங்கி, சொத்து விவரம் எழுதிய பக்கத்தைத் திருப்பி, நான்கெல்லையில் என்ன இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து படியுங்கள். வரத்துக்கால் என்ற சொல் அதில் இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலைத் திங்கட்கிழமை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்